“என்ன வேலை பார்த்தீர்கள்?” – கேட்க மறந்த கேள்வியின் வரலாறு

ஆங் மோ கியோ உணவங்காடி நிலையம் ஒன்றில் காலை வேளையில் அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பேச்சு உரத்த குரலில் நடக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் இரண்டாம் முறை கேட்பார். வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியின் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். “அப்பாவுக்கு வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம்” என்று பிள்ளைகள் சொல்லி முடித்துவிடுவார்கள். மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றால் மருத்துவர் வயதைக் கேட்பார், சர்க்கரை நோயைக் கேட்பார், இரத்த அழுத்தத்தைக் கேட்பார். “முப்பது வருடமாக என்ன வேலை பார்த்தீர்கள்?” என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

அந்தக் கேள்வி எழுந்தால் கதையே மாறிவிடக்கூடும். “கப்பல் பட்டறையில் இரும்புத் தகட்டில் துரு தட்டினேன்” என்று பெரியவர் பதில் சொன்னால், அவருடைய காதைக் கெடுத்தது வயது மட்டும்தானா என்ற சந்தேகம் பிறக்கும். சந்தேகம் பிறந்தால் சோதனை நடக்கும். சோதனை நடந்தால் அது கணக்கில் ஏறும். கணக்கில் ஏறியது நாளை சட்டமாகும்.

இந்தக் கேள்வியை மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. 1700ஆம் ஆண்டில் அவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளி, குயவர், கல்தச்சர், சாயத் தொழிலாளி என்று ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்து எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டிய வழக்கமான கேள்விகளோடு “உன் தொழில் என்ன?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பது மற்ற மருத்துவர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை. 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வி சிங்கப்பூருக்கு எப்போது வந்தது, யார் யாரைக் காப்பாற்றியது, யாரை விட்டுவிட்டது என்பதைப் பார்ப்பது நமக்கெல்லாம் பயன் தரும்.

கல்லில் தொடங்கிய கதை

ஆங் மோ கியோ என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஹொக்கியன் மொழியில் ‘ஆங் மோ’ என்றால் செம்முடி, அதாவது வெள்ளைக்காரர்; ‘கியோ’ என்றால் பாலம். அந்த வெள்ளைக்காரர் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்றும், அவர் இப்பகுதியில் கட்டிய பாலமே பெயருக்குக் காரணம் என்றும் ஒரு கதை சொல்கிறது. கதை எப்படியோ, தாம்சன் உண்மையில் வாழ்ந்தவர். தாம்சன் சாலை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும் அவருடைய படைப்பே.

அந்தக் கலங்கரை விளக்கத்தின் கருங்கற்கள் புலாவ் உபின் தீவில் வெட்டி எடுக்கப்பட்டவை. உபினிலும் புக்கிட் தீமாவிலும் கல் உடைக்கும் தொழில் அதன்பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. 1825 முதல் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்த நகரின் சாலைகளுக்காகவும் கட்டடங்களுக்காகவும் கல் உடைத்தார்கள். முதலில் வந்தவர்களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். எத்தனை கல் வெட்டப்பட்டது, எந்தக் கட்டடத்துக்குப் போனது என்பதற்கெல்லாம் குறிப்புகள் எழுதிவைக்கப்பட்டன. கல் உடைத்தவரின் நுரையீரலுக்கு என்ன ஆனது என்பதை எழுதிவைக்க அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

கருங்கல்லில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கல்லை உடைக்கும்போதும் துளைக்கும்போதும் மெருகேற்றும்போதும் அது தூசியாகிப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் ஆபத்தானது. அது நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். அங்கே துப்புரவு வேலை செய்யும் உயிரணுக்கள் அந்தத் துகளை விழுங்கிவிட்டுத் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்புகள் கூடக்கூட நுரையீரல் தன் மென்மையை இழந்து இறுகிப்போகிறது. இதுவே சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரும். காசநோயையும் எளிதில் வரவழைக்கும். போன தழும்பை மாற்ற மருந்து கிடையாது.

இந்தத் தூசி தமிழர்களுக்குப் பழைய எதிரி. கோலார் தங்க வயலில் ஆழமான சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் வட ஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பத்தினர். 1940களில் அங்கே 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது, 100க்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருப்பது தெரியவந்தது. அதுவரை அது ‘சுரங்க இருமல்’. சோதித்த பிறகுதான் அது தொழில் தந்த நோய். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. மூடியதோடு நுரையீரலில் இருந்த தூசி போய்விடவில்லை.

1970இல் எழுந்த கேள்வி

சிங்கப்பூரில் 1960களில் தொழில்மயம் வேகமெடுத்தது. ஜூரோங்கில் தொழிற்சாலைகள் எழுந்தன, கப்பல் பட்டறைகள் பெருகின, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்காகக் கருங்கல் குவாரிகள் இரவு பகலாக உழைத்தன. குவாரித் தொழிலாளர்களின் சிலிகோசிஸ் பற்றி உள்ளூர் மருத்துவர்கள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலேயே எழுதத் தொடங்கிவிட்டனர். 1970இல் தொழிலாளர் அமைச்சின்கீழ் தொழிலியல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. மருத்துவரும் பொறியாளரும் தொழிற்சாலைக்குள் நுழைந்து, காற்றையும் சத்தத்தையும் அளந்து, தொழிலாளியின் இரத்தத்தையும் மார்பு எக்ஸ்ரே படத்தையும் பார்க்கும் வேலை இங்கே அரசாங்க வேலையாயிற்று.

அதன் பலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1973இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. கப்பலின் துருவை நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சும் வழக்கம் 1970களில் கட்டுப்படுத்தப்பட்டது. மணலுக்குப் பதிலாகத் தாமிரக் கசடு பயன்பாட்டுக்கு வந்தது. 1980இல் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாருக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 1985இல் ஈயம், பாதரசம், பென்சீன், சிலிக்கா, பெருஞ்சத்தம் போன்றவற்றோடு வேலை செய்பவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவச் சோதனை கட்டாயமானது.

தொடக்கத்தில் சொன்ன காது விவகாரத்துக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றால் உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் சாகின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச ஒலிகள். ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற எழுத்துகள் மங்குவதால் பேச்சு கேட்கும், ஆனால் என்ன பேச்சு என்பது புரியாது. காதுச் சோதனை கட்டாயமான பின்னர், இந்தச் செவிட்டுத்தன்மை சிங்கப்பூரில் உறுதிசெய்யப்பட்ட வேலையிட நோய்களின் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன்பு அந்தக் காதுகள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன என்று பொருளல்ல; யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் பொருள்.

ஆய்வு என்றால் எல்லாப் பழியையும் தொழிற்சாலைமீது போடுவது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1970களில் இங்குள்ள சில தொழிற்சாலைகளில் பெண் ஊழியர்கள் கூட்டங்கூட்டமாக அலறி மயங்கி விழுந்த நிகழ்வுகள் நடந்தன. நச்சுப் புகை என்றார்கள் சிலர், ஆவி என்றார்கள் வேறு சிலர். அமைச்சின் மருத்துவர்கள் நேரில் சென்று ஆராய்ந்து, அது மனநெருக்கடியால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் பாதிப்பு என்று விளக்கினார்கள். ‘இது அல்ல காரணம்’ என்று சொல்வதும் ஆய்வின் வேலைதான்.

ஐந்து நோயாளிகள்

1973இல் ஆங் மோ கியோ புதுநகரத்தின் கட்டுமானம் தொடங்கியது. வீடுகளோடு தொழிற்பேட்டைகளும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. மின்னணுப் பொருள், இயந்திர உதிரிபாகம் போன்ற இலகுரகத் தொழில்கள் வீட்டருகே வந்தன. கீழ் மாடிக்கு இறங்கி நடந்தே வேலைக்குப் போய், மதியம் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வீட்டுக்கு வந்துபோன தாய்மார்கள் அந்தத் தலைமுறையின் அடையாளம். குவாரியும் கப்பல் பட்டறையும் அழுக்கான வேலை, மின்னணுத் தொழிற்சாலை சுத்தமான வேலை என்ற எண்ணம் அப்போது எல்லாருக்கும் இருந்தது.

அந்தச் சுத்தத்துக்கும் ஒரு விலை இருந்தது. உலோகத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்க உலகம் முழுவதும் தொழிற்சாலைகளில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் பயன்பட்டு வந்தது. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். வாசனை கொஞ்சம் இனிக்கும். 1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் மருத்துவர்களிடம் வந்த சில நோயாளிகளுக்குக் காய்ச்சல், உடல் முழுவதும் தடிப்பு, வாயில் புண், தோல் உரிதல், கூடவே கல்லீரல் பாதிப்பு. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி எனப்படும் இந்தக் கொடிய பாதிப்புக்கு ஏதேனும் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவதே வழக்கமான காரணம். “என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்வியோடு மருத்துவர்கள் நின்றுவிட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். ஐந்து பேரும் வேலையிடத்தில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு ஆளானவர்கள் என்பது தெரிந்தது.

1984இல் அனைத்துலகத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் அந்த ஆய்வு வெளிவந்தது. அதை எழுதியவர்களில் தொழிலியல் சுகாதாரத் துறையின் டாக்டர் பூனோடு டாக்டர் வி.எஸ். ராஜன், டாக்டர் டி. திருமூர்த்தி ஆகிய இரு தோல் மருத்துவர்களும் இருந்தனர். ஐந்தே ஐந்து நோயாளிகள்தான். ஆனால் 1990களில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்துத் தொழிற்சாலைகளில் இதே நோய் பலரைத் தாக்கியபோது, அங்குள்ள ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்க ஒரு முன்மாதிரி இருந்தது. வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே நோய் தாக்குவதும், ஆசிய மக்களிடையே அதிகம் காணப்படும் ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுவதும் பின்னர் கண்டறியப்பட்டன. 2012இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கரைப்பானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதற்குத் தடை விதிப்பதாக அறிவித்தது.

இதே தோல் மருத்துவத் துறையின் மற்றொரு பணி நம் கட்டுமான ஊழியர்களோடு நேரடியாகத் தொடர்புடையது. ஈரச் சிமெண்டில் கைவைத்து வேலை செய்பவர்களுக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் வரும். அதற்கு முக்கியக் காரணம் சிமெண்டில் சிறிதளவு கலந்திருக்கும் குரோமேட் என்ற உப்பு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் வாழ்நாள் முழுவதும் சிமெண்டைத் தொட முடியாமல் போகலாம். கொத்தனாருக்கு அது பிழைப்பே போன மாதிரி. டாக்டர் கோ சீ லியோக்கும் அவருடைய குழுவினரும் 1986இல் முன்வார்ப்புக் கட்டுமானத் தொழிற்சாலை ஊழியர்களின் தோல் நோயைப் பற்றி எழுதினர். 1996இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சிங்கப்பூரில் குரோமேட் ஒவ்வாமை குறைந்து வருவதைச் சுட்டிக்காட்டி, சிமெண்ட் தயாரிக்கும் முறை மாறியது அதற்குக் காரணமாக இருக்குமா என்று கேட்டது. கையுறை போடு என்று ஊழியரிடம் ஆயிரம் முறை சொல்வதைவிட, மூட்டைக்குள் இருப்பதை மாற்றுவது பெரிய பலன் தரும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம். டென்மார்க் 1980களிலேயே சட்டம் போட்டு அதைச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பின்பற்றியது.

ஜெயரத்னம் எண்ணிய எண்கள்

இத்துறையில் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பெயர் பேராசிரியர் ஜெ. ஜெயரத்னம். இலங்கையில் பூச்சிமருந்து நஞ்சேறுதலைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1982இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 13,000 பேர் பூச்சிமருந்து நஞ்சால் மருத்துவமனையில் சேர்கிறார்கள், அவர்களில் சுமார் 1,000 பேர் இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. பெரும்பகுதி தற்கொலை முயற்சிகள் என்றாலும், ஏறக்குறைய கால்வாசி வேலையின்போதும் தவறுதலாகவும் நேர்ந்தவை. வயலில் மருந்து தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்த உழவரை ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிடும் வழக்கத்துக்கு எதிராக வைக்கப்பட்ட எண்கள் அவை.

பின்னர் அவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1906இல் மிலான் நகரில் தொடங்கப்பட்ட அனைத்துலகத் தொழில்சார் சுகாதார ஆணையத்தின் பொதுச்செயலாளராகவும் 1990களில் இருந்தார். வளரும் நாடுகளின் தொழில்சார் சுகாதாரம் பற்றி அவர் தொகுத்த நூல் 1992இல் வெளிவந்தது. ஒரு நாட்டில் வேண்டாம் என்று ஒதுக்கப்படும் ஆபத்தான தொழில் இன்னொரு நாட்டுக்குக் குடிபெயர்வதைப் பற்றி அவர் தொடர்ந்து எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கைக்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கடையில் கிடந்தது 2001இல் அம்பலமானதும் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஊழியர்களின் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்பதே இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் நிலைப்பாடு. எனினும் 2016இல் அது 591 முன்னாள் ஊழியர்களுடன் உடன்பாடு செய்துகொண்டு மனிதாபிமான அடிப்படையில் தொகை வழங்கியது. ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து வந்த முடிவு அது. வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொருவரையும் முறையாகச் சோதித்து எழுதிவைத்த குறிப்பு யார் கையில் இருந்தது என்பதே அந்த வழக்கு நெடுகிலும் ஒலித்த கேள்வி.

சத்தமில்லாமல் வரும் ஆபத்து

1978 அக்டோபர் 12ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் ‘ஸ்பைரோஸ்’ எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தனர். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து 4 பேர் இறந்தனர். இரண்டுக்கும் விசாரணைக் குழுக்கள் அமைந்தன. நாடே பேசியது. 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்ததற்கு 2004இன் விபத்துகள் முக்கியக் காரணம். விபத்துக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, புகைப்படம் உண்டு. தூசிக்கும் சத்தத்துக்கும் கரைப்பானுக்கும் அவை இல்லை. சிலிகோசிஸ் வெளிப்படப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். கல்நார் தரும் புற்றுநோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகலாம். அதற்குள் நிறுவனம் மூடியிருக்கும், மேலாளர் ஓய்வு பெற்றிருப்பார், பட்டறை இருந்த இடத்தில் கூட்டுரிமை வீடு எழுந்திருக்கும்.

கல்நார் விஷயத்தில் ஆங் மோ கியோவாசிகளுக்கு நேரடி அக்கறை உண்டு. தீயைத் தாங்கும், மலிவு, உறுதி என்பதற்காக உலகம் முழுவதும் ஒரு காலத்தில் கல்நார் கலந்த தகடுகள் கட்டடங்களில் பயன்பட்டன. சும்மா இருக்கும் தகட்டால் பெரிய தீங்கு இல்லை. அதை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் பறக்கும் நார்தான் ஆபத்து. அதனால்தான் 2014இல் நடப்புக்கு வந்த விதிமுறைகளின்படி, 1991க்கு முன்பு கட்டப்பட்ட கட்டடத்தை இடிப்பதற்கு முன் கல்நார் உள்ளதா என்று தகுதி பெற்றவர் ஆய்வு செய்யவேண்டும். ஆங் மோ கியோ அவென்யூ 3இல் உள்ள 562 முதல் 565 வரையிலான புளோக்குகள் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குத் தெரிவு செய்யப்பட்டதாக 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஈடு எவ்வளவு, புது வீடு எங்கே என்பதே அப்போது பெரும் பேச்சாக இருந்தது. பழைய நகரம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சம்மட்டியைத் தூக்கும் ஊழியரும் அந்தக் கணக்கில் இருக்கிறார் என்பதைத்தான் அந்தச் சட்டம் நினைவூட்டுகிறது.

தூசியும் புது வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. இன்றைய வீடுகளின் சமையலறை மேடைகளில் பளபளக்கும் செயற்கைக் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். இயற்கைக் கருங்கல்லில் அது மிகக் குறைவு. தண்ணீர் விடாமல் அதை அறுத்தால் எழும் தூசி இளவயதினரையே வீழ்த்துகிறது. 2012இல் இஸ்ரேலிய மருத்துவர்கள், நுரையீரல் மாற்று சிகிச்சைக்கு வந்தவர்களில் 25 பேர் செயற்கைக் கல் அறுத்தவர்கள் என்று எழுதினர். அவர்களும் கேட்டது அதே கேள்விதான்: “என்ன வேலை பார்த்தீர்கள்?” 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. உபினில் 1850இல் உடைத்த கல்லின் கதை, புதுப்பிப்புக் குத்தகையாளரின் பட்டறையில் இன்னும் முடியவில்லை.

விமான நிலையத்தோடு முடிகிறதா கணக்கு?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடும் ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டு ஊழியர்களைப் பார்க்கும்போது இந்த வரலாற்றின் மீதிப் பக்கம் கண்முன் நிற்கிறது. வெல்டிங், கல் அறுத்தல், பெயிண்ட் பீய்ச்சுதல், கான்கிரீட் உடைத்தல் என்று மேலே சொன்ன வேலைகளில் பெரும் பகுதி இன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது. இங்கே வேலையில் இருக்கும்வரை சோதனை உண்டு, சட்டம் உண்டு, வேலைக் காய இழப்பீடு உண்டு. 2023 அக்டோபரிலிருந்து வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியே கடும் உடலுழைப்பில் இருப்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரவேண்டும் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. அதுவும் அளந்து பார்த்ததால் வந்ததுதான்.

ஆனால் 15 ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் ஒருவருக்கு, திரும்பிய ஐந்தாம் ஆண்டில் மூச்சு வாங்கத் தொடங்கினால் என்ன ஆகும்? அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ உள்ள மருத்துவர் எக்ஸ்ரேயில் நிழலைப் பார்ப்பார். காசநோய் என்று எண்ணி மருந்து தருவார். சிங்கப்பூரின் கணக்கில் அந்த நோய் ஏறாது. தமிழ்நாட்டின் கணக்கிலும் அது வேலை தந்த நோயாக ஏறாது. இரண்டு நாடுகளின் ஏடுகளுக்கும் நடுவே அந்த மனிதர் விழுந்துவிடுகிறார். நோய் குறைந்துவிட்டதாகக் காட்டும் எந்தப் புள்ளிவிவரத்தையும் பார்க்கும்போது இந்த இடைவெளியை மறந்துவிடக் கூடாது.

இதற்கு முழுத் தீர்வு அரசாங்கங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பகுதி ஒவ்வொருவர் கையிலும் உண்டு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த நிறுவனத்தில், என்ன வேலை, எந்தப் பொருளைக் கையாண்டேன் என்பதை ஒரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வேலையிடத்தில் எடுத்த காதுச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, இரத்தச் சோதனை ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெறலாம். ஊருக்குத் திரும்பும் ஊழியர் தங்க நகையோடு அந்தத் தாளையும் பத்திரமாகக் கொண்டுபோகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், “டாக்டர், நான் இந்த வேலை பார்த்தேன்” என்று முதலிலேயே சொல்லலாம்.

ஆங் மோ கியோவில் இரைச்சலோடு பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவர்களின் தலைமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நகரைக் கட்டியவர்கள் என்று மேடைகளில் அவர்களைப் பாராட்டுகிறோம். அவர்கள் எதைக் கட்டினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எதைச் சுவாசித்துக்கொண்டு, எந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று கட்டினார்கள் என்பது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த வாரக் கடைசியில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் உரக்கவே கேட்டுப் பார்க்கலாம்: “தாத்தா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?” பதிலை ஒரு தாளில் எழுதியும் வைக்கலாம்.